சுடப்படாத துப்பாக்கி

எங்கள் கிளேபூல் ஊரில் மூன்று ஞாயிறு தொடர்ந்து தேவாலயத்துக்கு வராதவனை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். சுட்ட துப்பாக்கியைத் துடைக்காமல் உள்ளே வைத்தவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அப்படி ஒருவன் செய்தான் என்று தெரிந்தால், வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா என்று அவன் மனைவியிடம் போய் விசாரிப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டெல்பர்ட் நூனனின் துப்பாக்கியைத் துடைத்தவன் நான்தான். ஒரு பழைய பல் பிரஷ், பஞ்சு, அரைப் புட்டி எண்ணெய், ஒரு முழு மாலைப்பொழுது. என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு சுத்தமாகத் துடைத்ததில்லை.

என் பெயர் ராய்ஸ். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். டெல்பர்ட்டுக்கு எங்கள் ஊர் பிரதான வீதியில் முடிதிருத்தும் கடை. முப்பது வருடமாக என் தலை அவன் கத்திரிக்குப் பழகியது. அங்கே வெட்ட ஒன்றும் இல்லாமல் போன பிறகும் மாதம் ஒருமுறை போய் உட்காருவேன், அவனும் மரியாதைக்காகக் கத்திரியைக் காற்றில் நாலு தடவை ஆட்டிவிட்டு அனுப்புவான்.

போன வருட வசந்தத்தில் அவன் டன்ஸ்டெட் கம்பெனியின் கைத்துப்பாக்கிகள் இரண்டை ஒரே நாளில் வாங்கினான். ஒன்று தனக்கு. இன்னொன்று மகள் டார்லாவின் முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு. கடைக்காரர் இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வரிசை எண்கள் அடுத்தடுத்தவை. அவனுடையது எழுபத்தொன்றில் முடியும், அவளுடையது எழுபத்திரண்டில். அப்பனும் மகளும் இதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். டார்லா பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வியாழக்கிழமை மாலையில் எங்கள் சுடும் கிளப்பில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அதற்காக டன்ஸ்டெட் கம்பெனி அவளுக்குத் 'தூதர்' என்று பட்டம் கொடுத்து, ஒரு தொப்பியும் கொடுத்திருக்கிறது.

ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை, காலை பத்து மணி. கிளப்பில் டெல்பர்ட்டுக்கு அடுத்த தடுப்பில் நான் நின்று சுட்டுக்கொண்டிருந்தேன். டெல்பர்ட்டின் பதினொன்றாவது தோட்டா. அந்தச் சத்தம் மற்றவற்றைவிடப் பெரிது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் வரிசையில் இருந்த எல்லோரும் சுடுவதை நிறுத்தினோம். குழல் நீளவாக்கில் பிளந்திருந்தது. கைப்பிடி இரண்டாகி, தோட்டா அடுக்கும் மேகசின் கீழே விழுந்து கிடந்தது. அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ராய்ஸ், நான் என்னடா பண்ணேன்?" என்றான்.

கை போச்சே என்று கத்தவில்லை. துப்பாக்கி வெடித்துவிட்டது என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் துப்பாக்கி தப்புச் செய்யாது. மனிதன்தான் ஏதாவது செய்திருப்பான். நான் துண்டைச் சுற்றி ரத்தத்தை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே கிளப் தலைவர் ஆர்லன் வந்து குனிந்தார்.

"வீட்டுல அடைச்ச தோட்டாவா?"

"இல்ல, கடையில வாங்குனது. பெட்டி அங்கதான் இருக்கு" என்றேன்.

"கடைப் பெட்டியில வீட்டுத் தோட்டாவ வச்சிருந்தா?"

"அவன் வீட்டுல தோட்டாவுக்கு மருந்து அடைக்கிற மிஷினே கிடையாது ஆர்லன்."

"அதான் சரியா அடைக்கல போல" என்றார் ஆர்லன். பிறகு கிளப்பின் பதினான்காம் விதியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அசம்பாவிதத்தில் சிக்கிய உறுப்பினர், துப்பாக்கியைத் தயாரித்தவர் அதன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கும்வரை, வேலிக்கு உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. டெல்பர்ட்டை வேலிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திய பிறகே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் ஹெல்ட் என்ற அம்மாள் அவன் கையிலிருந்து தூசியளவில் மூன்று இரும்புத் துணுக்குகளை எடுத்துக் குப்பையில் போட்டார். மிளகளவில் நாலாவது ஒன்று கட்டைவிரலின் அடியில், நரம்பை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதைத் தொட வேண்டாம் என்றார். தொடாவிட்டால் விரல் பாதி மடங்கும், மெதுவாகக் கத்திரி பிடிக்கலாம். தொட்டால் நரம்பு போய்விடும்.

டார்லா செய்தி கேட்டு ஓடிவந்து, அப்பன் கட்டிலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டே, "டன்ஸ்டெட் வெடிக்காதுப்பா. நீ ஏதோ பண்ணிருக்க" என்றாள்.

"என்ன பண்ணேன்?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? ஏதோ."

"சரி, நான்தான் பண்ணேன்னே வச்சுக்க. உன் துப்பாக்கியும் அதே பெட்டியில வந்ததும்மா. அடுத்த நம்பரு. கொஞ்ச நாள் கீழ வச்சுடேன்."

"அதுல குறை இருந்தா கம்பெனியே சொல்லிருக்குமேப்பா. நான் தூதரு. எனக்குச் சொல்லாம இருப்பாங்களா? நான் கீழ வச்சா நாளைக்கு அந்தப் பொம்பளைங்க என்ன நினைப்பாங்க?"

"கம்பெனி எழுதிக் குடுத்தா?"

"எழுதிக் குடுத்தா அன்னிக்கே வச்சுடறேன். சத்தியமா."

அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

கம்பெனியின் 'நம்பிக்கைப் பிரிவு'க்கு அவன் கடையிலிருந்தே போன் போட்டோம். அவனால் பிடிக்க முடியாது என்பதால் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டேன். 'உங்கள் வாழ்நாள் துணை, டன்ஸ்டெட்' என்று ஒரு ஆண் குரல் நாற்பது நிமிடம் பாடியது. பிறகு பிரியான் என்ற பெண் வந்தாள்.

"டன்ஸ்டெட் குடும்பத்துக்கு வரவேற்கிறோம் சார். பேசறதுக்கு முன்னாடி பாதுகாப்பைப் பாத்துடலாம். துப்பாக்கி இப்ப பக்கத்துல இருக்கா?"

"இருக்கும்மா. ஷூ பெட்டிக்குள்ள."

"அது பாதுகாப்பான திசையைப் பாத்து இருக்கான்னு சொல்லுங்க சார்."

டெல்பர்ட் ஷூ பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"எந்தத் துண்டும்மா?"

"சார்?"

"அஞ்சு துண்டா கிடக்கு. எதைத் திருப்பணும்?"

அந்தப் பக்கம் ஏதோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. "எல்லாத்தையும் திருப்பிடுங்க சார்" என்றாள்.

அவன் இடக்கையால் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தான். ஜன்னலுக்கு வெளியே மளிகைக்கடை நாய் படுத்திருந்தது. மறுபடி எல்லாவற்றையும் எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"ரொம்ப நன்றி சார். பிரச்சினை எந்த வகைன்னு சொல்லுங்க. எங்ககிட்ட மூணு வகை இருக்கு. குறி தப்புது, நிறம் மங்குது, சத்தம் அதிகமா வருது."

"வெடிச்சிடுச்சும்மா."

"அப்படி ஒரு வகை இல்ல சார்."

"அப்ப?"

"சத்தம் அதிகமா வந்துச்சா?"

அவன் யோசித்துப் பார்த்து, "வந்துச்சு" என்றான்.

"அதுலயே போட்டுடறேன் சார்."

"என் மககிட்ட இதுக்கு அடுத்த நம்பர் துப்பாக்கி இருக்கும்மா. அது பத்திரமான்னு மட்டும் யாராவது பாத்துச் சொன்னா போதும்."

"மன்னிக்கணும் சார், இன்னொரு வாடிக்கையாளரோட துப்பாக்கியப் பத்தி நான் உங்ககிட்ட பேசக்கூடாது. அவங்களுக்குப் பிரச்சினை வந்ததும் அவங்களே கூப்பிடலாம்."

கடைசியில், எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். டெல்பர்ட் நாலு கொடுத்தான். நான் முறைத்தேன்.

"பாவம்டா, மரியாதையாப் பேசுச்சு" என்றான்.

துப்பாக்கியை அனுப்புவதற்கான பெட்டி ஒரு வாரத்தில் வந்தது. நான் துண்டுகளை எடுத்து வைக்கப் போனபோது டெல்பர்ட் கூச்சத்தோடு என் கையைப் பிடித்தான்.

"இப்படியேவா அனுப்பறது? கரியப் பாரு. நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவே இல்லை. ஒரு கை முடங்கியவன் வீட்டில் துப்பாக்கி அழுக்காகக் கிடப்பதை அத்தனை நாள் நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் வெட்கப்பட்டேன். "குடு இப்படி" என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன். பிளந்த குழலை உள்ளும் புறமும் தேய்த்தேன். விரிசலுக்குள் இருந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். எண்ணெய் போட்டுத் துணியால் துடைத்ததும் விரிசல்கூடப் பளபளவென்று அழகாக இருந்தது. டெல்பர்ட் பார்த்துவிட்டுக் கண் கலங்கினான்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

"அன்புள்ள திரு. நூனன் அவர்களுக்கு, தாங்கள் அனுப்பிய துப்பாக்கியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினொரு நிபுணர்கள் பரிசோதித்தனர். குழலின் உள்ளேயோ வெளியேயோ வெடிமருந்தின் எச்சம் சிறிதும் காணப்படவில்லை. எனவே இத்துப்பாக்கி இதுவரை ஒருமுறைகூடச் சுடப்படவில்லை என்பது உறுதியாகிறது. சுடப்படாத துப்பாக்கி சுடும்போது வெடிக்க இயலாது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். மேலும், ஆலையிலிருந்து வெளியேறியபோது இருந்த எடையைவிட இது 0.4 கிராம் குறைவாக உள்ளது. விடுபட்ட பாகத்தைத் தாங்கள் வைத்திருப்பதாகக் கருதுகிறோம். அதை அனுப்பினால் கோப்பு முழுமை பெறும். தங்கள் புதிய துப்பாக்கிக்கு எங்கள் வாழ்த்துகள்."

இதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். எங்கள் ஊரில் ஒரே வக்கீல். அவர் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "வீட்டுல அடைச்ச தோட்டாவா?" என்று கேட்டார்.

டார்லாவும் கடிதத்தை வாசித்தாள். "பதினொரு பேரு பாத்திருக்காங்கப்பா" என்றாள் மெதுவாக. அவள் அப்பனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமையும் வகுப்புக்குப் போனாள்.

அவள் துப்பாக்கியை ஒளித்து வைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். டெல்பர்ட் கையை விரித்தான். "இரும்புப் பெட்டியில பூட்டிச் சாவியக் கழுத்துல போட்டிருக்கா. சின்ன வயசுல நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்."

கடைசியில் நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினோம். பக்கத்து மாநிலம், ஐந்து மணி நேரப் பயணம். கம்பெனியின் தலைமை அலுவலக வாசலில் பெரிய பித்தளைப் பலகை: 'பாதுகாப்புக் கருதி, இக்கட்டடத்துக்குள் துப்பாக்கிகளுக்கு அனுமதி இல்லை.' உள்ளே போகும் வழியில் உலோகம் கண்டுபிடிக்கும் வாசல் ஒன்று. நான் போனபோது சும்மா இருந்தது. டெல்பர்ட் போனபோது கத்தியது.

காவலாளி வயதானவர். "கையில இருக்கறத இந்தத் தட்டுல வைங்க அண்ணே" என்றார்.

"வைக்க முடியாதுங்க. உள்ள இருக்கு."

"என்ன அது?"

"உங்க கம்பெனி துப்பாக்கிக் குழல்தான். கொஞ்சம்."

காவலாளி அவன் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் நிதானமாக எழுதினார்: 'உலோகம், வலது கட்டைவிரல், வெளியே எடுக்க இயலாது.' அந்தக் கட்டடத்தில் உண்மையை எழுத்தில் போட்ட ஒரே மனிதர் அவர்தான். பிறகு எங்களை உள்ளே விட்டார்.

நம்பிக்கைப் பிரிவின் துணைத் தலைவர் திரு. வொர்லி எழுந்து வந்து டெல்பர்ட்டின் இடக்கையைக் குலுக்கினார். காபி கொடுத்தார், பெக்கான் கொட்டை போட்ட பணியாரம் கொடுத்தார். மேசைமேல் அந்தத் துப்பாக்கி, ஐந்து துண்டுகளும், கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டின்மேல் இருந்தன.

"அறுபத்திரண்டு வருஷத்துல எங்க துப்பாக்கி ஒண்ணுகூட வெடிச்சதா நிரூபணம் ஆகல சார்" என்று ஆரம்பித்தார். "ஏன்னு கேளுங்க. நிரூபிக்கறது எங்க வேலை. அதை நாங்க ரொம்பக் கவனமாப் பண்றோம். போன வருஷம் மட்டும் இருநூத்திப் பத்து வந்துச்சு, எல்லாம் இந்த மாதிரித் துண்டுத் துண்டா. ஒண்ணுகூட வெடிச்சதில்ல."

"வாழ்நாள் உத்தரவாதம்னு போட்டிருக்கீங்களே" என்றேன்.

"துப்பாக்கியோட வாழ்நாள் சார். இது இப்படி ஆனப்பவே அது முடிஞ்சு போச்சு. இப்ப இது வெறும் இரும்பு. இரும்புக்கு நாங்க உத்தரவாதம் குடுக்கல."

"நான் புதுசு கேக்கல சார்" என்றான் டெல்பர்ட். "இரும்பும் வேணாம். என் மக ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதோட ஜோடிய கையில பிடிச்சுச் சுடறா. அது நல்லா இருக்கா இல்லையான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

வொர்லி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குரல் கனிந்தது.

"நானும் ரெண்டு பொண்ணுக்கு அப்பன்தான் சார். அதனால மனசுவிட்டுச் சொல்றேன். அது நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஏதாவது ஆனா நான் மாட்டுவேன். நல்லா இல்லைன்னு எழுதிக் குடுத்தா இன்னிக்கே மாட்டுவேன். எழுதாம இருந்தா யாருக்கும் ஆபத்தில்ல. பாதுகாப்புதான் எங்க முதல் கொள்கை. போன்ல நீங்களே எங்களுக்கு நாலு மார்க் குடுத்திருக்கீங்க, ஃபைல்ல இருக்கு."

நான் பொறுக்க முடியாமல் எழுந்தேன். "கரி இருந்துச்சு சார். துடைச்சது நான். பல் பிரஷ் வச்சுத் துடைச்சேன். தப்பு என்னுது. இவன் மேல போடாதீங்க."

வொர்லியின் முகம் மலர்ந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்.

"நீங்களா? இவ்வளவு சுத்தமா ஒரு மனுஷன் துடைக்க முடியும்னு எங்க நிபுணர்கள் யாரும் நம்ப மாட்டாங்க சார். அதனாலதான் சுடவே இல்லைன்னு முடிவு பண்ணினோம். நீங்க சொல்றது நிஜம்னா, அனுமதி பெறாத ஆள் பழுதுபார்த்த துப்பாக்கி ஆயிடும், உத்தரவாதம் அதனாலயும் போயிடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருட நாட்காட்டியில், துப்பாக்கிப் பராமரிப்புப் பக்கத்துக்கு என் புகைப்படம் கிடைக்குமா என்றும் கேட்டார்.

டெல்பர்ட் கையோடு கொண்டுவந்த உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து மேசைமேல் விரித்தான். அவன் எலும்புகளுக்கு நடுவே அந்த மிளகு வெள்ளையாகத் தெரிந்தது. "விடுபட்டது இதான் சார்."

"படம்" என்றார் வொர்லி. "படத்துக்கு எடை இல்லையே சார்."

"உங்க வாசல் மிஷின் கத்துச்சே" என்றேன்.

"அது காவல் பிரிவு. நாங்க நம்பிக்கைப் பிரிவு. அவங்க கண்டுபிடிக்கறத நாங்க எடுத்துக்கறதில்ல." பிறகு விரலால் அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டார். "ஆனா அந்தத் துண்டே கைக்கு வந்தா விஷயம் வேற. அதுல மருந்துக் கரி இருந்தா, இந்தத் துப்பாக்கி சுடப்பட்டதுன்னு நாங்க ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா அந்த அட்டைப்பெட்டியில வந்த அத்தனையையும் திரும்ப வாங்கியே ஆகணும். விதி அப்படி."

"என் மகளோடதும்?"

"எழுபத்திரண்டா? அதுதான் முதல்ல" என்றார்.

திரும்பி வரும் வழியில் டெல்பர்ட் எக்ஸ்ரே படத்தை மடியிலேயே வைத்திருந்தான். எல்லை தாண்டி, மக்காச்சோள வயல்கள் வந்ததும் அதை உறைக்குள் போட்டான்.

"எடுத்துடப் போறேன்."

"பைத்தியமாடா உனக்கு? கத்திரிய எதால பிடிப்ப?"

"இப்ப மட்டும் என்ன கிழிக்கிறேன்? பாதித் தலை வெட்டுறதுக்குள்ள கை நடுங்குது. போன வாரம் ஆர்லன் காதுல பட்டுச்சு."

"அது நல்லதுதானே?"

அவன் சிரித்தான். அந்த வருடத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான், எனக்குத் தெரிந்து.

டாக்டர் ஹெல்ட் முதலில் மறுத்தார். எதற்கு என்று கேட்டார். கம்பெனி கேட்கிறது என்று டெல்பர்ட் சொன்னான். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இருபது வருஷமா ஆபரேஷன் பண்றேன் மிஸ்டர் நூனன். கம்பெனி கேட்டதுன்னு யாருக்கும் கத்தி வச்சதில்ல. உங்களுக்குப் புரியுதா, விரல் அப்படியே மரத்துப் போயிடும். திரும்ப வராது."

"புரியுது டாக்டர். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்."

"சொல்லுங்க."

"எடுத்ததும் அதைக் கழுவிடாதீங்க."

கழுவவில்லை. ரத்தமும் கரியும் ஒட்டியபடியே ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மேலே தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அதைத் தொடவே இல்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அஞ்சலகப் பெண்ணே அதைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினாள்.

டெல்பர்ட்டின் கட்டைவிரல் செத்துப்போனது. கடையில் வாசற்பலகையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கம் திருப்பி வைத்தான், அது திருப்பியபடியே இருக்கிறது. இனி அங்கே கத்திரி ஆடாது, ஆனாலும் நான் மாதம் ஒருமுறை போய் அந்த நாற்காலியில் உட்காருகிறேன்.

பதில் ஒன்பது வாரம் கழித்து வந்தது. டெல்பர்ட் வீட்டுச் சமையலறையில் டார்லாதான் பிரித்தாள், அவனால் உறை கிழிக்க முடியாது. அவளே உரக்க வாசித்தாள்.

"அன்புள்ள திரு. நூனன் அவர்களுக்கு, தாங்கள் அனுப்பிய உலோகத் துண்டில் வெடிமருந்தின் எச்சம் மிகத் தெளிவாகக் காணப்படுகிறது. ஆகவே அது சுடப்பட்ட ஒரு துப்பாக்கியைச் சேர்ந்தது. எங்கள் வசம் உள்ள தங்கள் துப்பாக்கியோ சுடப்படாதது. ஆகவே இத்துண்டு தங்கள் துப்பாக்கியுடையது அன்று. பிறருடைய பொருள் தங்களிடம் வந்தது கவனக்குறைவால் நேர்ந்திருக்கும் என்று நம்பி, அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். கோப்பு மூடப்பட்டது. எங்கள் நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு துடைப்புத் துணியும் இணைத்துள்ளோம். துப்பாக்கியை எப்போதும் சுத்தமாக வைத்திருக்கவும்."

துணி மஞ்சள் நிறம். அதன் மடிப்புக்குள் அந்தத் துண்டு இருந்தது. கழுவி, எண்ணெய் போட்டு, மெருகேற்றி அனுப்பியிருந்தார்கள். ரத்தமும் இல்லை, கரியும் இல்லை. வெள்ளிமணி போல மின்னியது. அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான், எதையும் அழுக்கோடு அனுப்ப மாட்டார்கள்.

டார்லா அப்பனுடைய மரத்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மினாள். "ஏன்பா இப்படிப் பண்ண? யாரோட துண்டுப்பா இது? யாரோடதுக்கோ உன் விரல ஏன்பா குடுத்த?"

"அது என் துப்பாக்கியோடதும்மா."

"அவங்க பாத்துட்டு இல்லைங்கறாங்களேப்பா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டெல்பர்ட் வேண்டாம் என்று தலையசைத்தான். நான் துடைத்தவன். நான் என்ன சொன்னால் என்ன.

கிளப்பில் ஆர்லன் கடிதத்தை வாசித்துவிட்டு, காரணம் இன்னும் எழுத்தில் வரவில்லை, சுடாத துப்பாக்கியை வெடிக்க வைத்தது எப்படி என்று உறுப்பினர் விளக்கவும் இல்லை, ஆகவே பதினான்காம் விதி நீடிக்கிறது என்று அறிவித்தார்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் நான் டெல்பர்ட்டை என் டிரக்கில் ஏற்றிக்கொண்டு கிளப்புக்குப் போகிறேன். உள்ளே போக முடியாது. பின்பக்க வேலியோரம், ஓக் மரங்களுக்கு அடியில் நிறுத்துவோம். பயிற்சிக்கு வந்த பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஒவ்வொருவராகக் காரெடுத்துப் போவார்கள். எல்லோரும் போன பிறகு டார்லா தன் துப்பாக்கியை எடுத்து ஒரு பெட்டி தோட்டா சுடுவாள், ஐம்பது. அது அவள் வழக்கம்.

டெல்பர்ட் இடக்கையால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு எண்ணுவான். பதினைந்தில் ஒரு இடைவெளி வரும், மேகசின் மாற்றுகிறாள். முப்பதில் ஒன்று. நாற்பத்தைந்தில் ஒன்று. அந்த இடைவெளிகள் அவனுக்குத் தெரியும், அப்போது மட்டும் மூச்சு விடுவான்.

போன வாரம் முப்பத்தெட்டில் நின்றது.

முப்பத்தெட்டில் நிற்கக் காரணமே இல்லை. டெல்பர்ட்டின் உதடு அந்த எண்ணிலேயே திறந்தபடி இருந்தது.  நான் வேலி ஏறிக் குதித்துவிடலாம் என்று காலைத் தூக்கிவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து டார்லாவின் குரல் வந்தது, கடிக்க வந்த ஒரு குதிரை ஈயைத் திட்டிக்கொண்டிருந்தாள். அடி விழுந்தது. ஈ போயிருக்க வேண்டும். மறுபடியும் சுட ஆரம்பித்தாள்.

"முப்பத்தொன்பது" என்றான் டெல்பர்ட்.

ஐம்பது ஆனதும் வேலியை விட்டான். உள்ளங்கையில் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. டிரக்கின் கதவை நான்தான் திறந்துவிட வேண்டும். ஏறி உட்கார்ந்து, மரத்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"கம்பெனி அவளுக்குக் கடுதாசி போட்டிருக்கு ராய்ஸ்" என்றான்.

சாவியைத் திருப்பப் போன கையை எடுத்தேன். "என்னன்னு?"

"நல்லாப் பண்றாளாம். தூதருங்களுக்கெல்லாம் இனிமே தோட்டா இலவசமாம். அடுத்த வாரத்துலேர்ந்து நூறு சுடப் போறா."

நான் வண்டியைக் கிளப்பினேன்.